எலி, முயல் ஆய்வுகளில் கருக்குறைபாடுகளின் பெயர்களை ஒழுங்குபடுத்துவது எப்படி? இராமநாதபுரம் கடலோரத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம், தொண்டி, கீழக்கரை வட்டாரத்தில் கட்டக்கோரை, மரிக்கொழுந்து போன்ற கடற்பாசிகளிலிருந்து சாறு பிரித்து, அதை உணவுச் சேர்மானமாகவோ மருந்தாகவோ கொண்டுசெல்ல முயலும் ஆராய்ச்சி மாணவர்களையும் சிறு நிறுவனத்தாரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஏதோ ஒரு கட்டத்தில், கர்ப்பமான எலிக்கும் முயலுக்கும் அந்தச் சாற்றைக் கொடுத்துக் குட்டிகளில் என்ன மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கு நீங்கள் வந்து நிற்பீர்கள். அது பெரும்பாலும் வெளியூரில், கட்டணத்துக்கு ஆய்வு செய்து தரும் ஓர் ஆய்வகத்தில் நடக்கும். உங்கள் கைக்கு வருவது அறிக்கை மட்டுமே.

எங்கள் சாற்றுக்கான வரைவு அறிக்கை வந்தபோது, வளைந்த விலா எலும்பு ஓர் அட்டவணையில் ‘வேவி ரிப்’ என்றும், அடுத்த அட்டவணையில் ‘பென்ட் ரிப்’ என்றும், பின்னிணைப்பில் ‘கர்வ்டு ரிப்’ என்றும் இருந்தது. மூன்றும் ஒன்றா, வெவ்வேறா என்று கேட்டதற்கு, எலும்பைப் பார்த்துப் பதிந்தவர்கள் இருவர் என்பதும், இருவரும் தத்தம் பழக்கத்தின்படி எழுதினார்கள் என்பதும்தான் பதிலாகக் கிடைத்தன. மாதிரிகளை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று; அதற்குத் தனிக் கட்டணமும் நீண்ட காத்திருப்பும் எங்கள் தலையில் விழுந்தன. முதல் எலி மேசைக்கு வருவதற்கு முன்பே சொற்களை எழுத்தில் முடிவு செய்திருந்தால் இவை எதுவும் நேர்ந்திராது. அதைச் செய்யும் முறையைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

1. உங்கள் ஆய்வு எந்த விதியின் கீழ் வருகிறது என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

வேதிப்பொருள், பூச்சிக்கொல்லி, உணவுச் சேர்மானம் ஆகியவற்றுக்கு வழக்கமாகப் பின்பற்றப்படுவது ஓ.இ.சி.டி. என்னும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 414-ஆம் எண் சோதனை நெறி. 2018-இல் திருத்தப்பட்ட வடிவமே இப்போது பார்க்க வேண்டியது. மருந்தாகக் கொண்டுபோவதானால், மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பின் எஸ்5 நெறியின் மூன்றாம் திருத்தம், அதாவது 2020-இல் வந்தது, பொருந்தும். இந்தியாவுக்குள் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019 என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நெறிகள் இரண்டையும் இணையத்தில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பரிசோதனையை எத்தனை விலங்கில் செய்ய வேண்டும் என்பதை இந்த நெறிகள் சொல்லும். காணும் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் என்ன பெயர் வைப்பது என்று பட்டியல் தரமாட்டா. ‘414-இன்படி செய்கிறோம்’ என்று ஆய்வகத்தார் சொல்வதைக் கேட்டு, சொற்களும் ஒழுங்காகிவிட்டன என்று நம்பிவிடாதீர்கள்.

மீன் குஞ்சுகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இடையில் ஒரு சொல்: நான் அடுத்துப் பேசப்போகும் சொற்பட்டியல் பாலூட்டிகளுக்கு மட்டுமே உரியது. கடல் விரால் குஞ்சின் முதுகெலும்பு வளைவுக்கு எலிக்கான குறியீட்டை ஒட்டிவைப்பது யாருக்கும் பயன்படாது.

2. எந்தச் சொற்பட்டியல், எந்தப் பதிப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள்

உலக அளவில் பெரிதும் ஏற்கப்பட்ட பட்டியலின் பெயர் ‘டெர்மினாலஜி ஆஃப் டெவலப்மென்ட்டல் அப்நார்மலிட்டீஸ் இன் காமன் லேபரட்டரி மம்மல்ஸ்’. முதல் பதிப்பு 1997-இலும் இரண்டாம் பதிப்பு 2009-இலும் வெளிவந்தன. இரண்டுக்கும் இடையில் அமைப்பிலும் உள்ளடக்கத்திலும் மாற்றங்கள் இருப்பதால், ‘சர்வதேசச் சொற்பட்டியலைப் பின்பற்றினோம்’ என்ற ஒற்றை வரி போதாது. ஆய்வுத் திட்டத்தில் பதிப்பின் ஆண்டு இருக்க வேண்டும். பழைய கணினி மென்பொருளில் முதல் பதிப்பின் சொற்களே ஏற்றப்பட்டிருக்கும் ஆய்வகங்களும் உண்டு. அது குற்றமன்று, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியல் மூன்று பெரும் பிரிவுகளாக இருக்கும்: வெளித்தோற்றம், உள்ளுறுப்பு, எலும்பு. ஆய்வகத்தில் குட்டியைப் பார்க்கும் வரிசையும் இதுவேயாதலால் இந்த ஏற்பாடு வசதியானது. ஒவ்வொரு வரியிலும் ஒரு குறியீட்டு எண், உறுப்பு அல்லது பகுதி, அதில் காணப்பட்ட மாற்றம், அதன் விளக்கம், அதே பொருளில் வழங்கும் பிற சொற்கள், தேவையான இடத்தில் குறிப்பு ஆகியவை இருக்கும். புதியவர்கள் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சண்டை வருவதெல்லாம் விளக்கத்தில்தான்.

டெவ்டாக்ஸ் என்ற தளத்தில் இந்தச் சொற்களோடு குறைபாடுகளின் படங்களும் உள்ளன. குட்டிகளை நேரில் பார்த்தே இராதவர்கள், அறிக்கையைப் படிப்பதற்கு முன் ஒரு மாலை முழுவதும் அந்தப் படங்களோடு உட்காருவது நல்லது.

3. உங்கள் ஆய்வுக்கென ஒரு சுருக்கப் பட்டியல் தயாரிக்கச் சொல்லுங்கள்

இதுதான் நடுவான வேலை. இதற்கு நேரம் ஒதுக்காமல் மற்றவற்றைச் செய்து பயனில்லை. முழுப் பட்டியலையும் மேசையில் வைத்துக்கொண்டு யாரும் குட்டி பார்க்க முடியாது. ஆய்வகம் பயன்படுத்தும் எலி, முயல் இனங்களில் வழக்கமாகக் காணப்படுபவையும், உங்கள் பொருளால் வரக்கூடும் என்று ஊகிப்பவையும் சேர்ந்து, சில பக்கங்களுக்குள் அடங்கும் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் எல்லைக்கோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லைக்கோடு என்று நான் சொல்வது, பக்கத்துச் சொல்லிலிருந்து இதைப் பிரிக்கும் அளவையோ அடையாளத்தையோ. அடிக்கடி குழப்பம் வரும் இடங்களைச் சொல்கிறேன்.

விலா எலும்பு: எலிக்கு இயல்பாக 13 இணை. அதற்குக் கீழே இடுப்பு முள்ளெலும்பில் ஒட்டினாற்போல் ஒரு சிறு துண்டு தெரிந்தால் அது குட்டையான மிகை விலாவா, முழுமையான மிகை விலாவா என்பதைப் பிரிக்க நீள அளவு வேண்டும். முந்தைய விலாவின் நீளத்தில் எத்தனை பங்கு என்று ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென ஓர் அளவு வைத்திருக்கும். அந்த அளவு உங்கள் பட்டியலில் இருக்கட்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. குட்டையான துண்டு பிறந்த பிறகு மறைந்துபோவது பெரும்பாலும் நடக்கும். முழு விலா நிலைத்துவிடும். இரண்டையும் ஒரே பெயரில் கூட்டினால் அதைப் படிப்பவர் எதையும் முடிவு செய்ய முடியாது. முயலிலோ 12 இணையும் 13 இணையும் சாதாரணமாகவே காணப்படும் என்பதால், எலிக்கு எழுதிய எல்லைக்கோட்டை அப்படியே முயலுக்கு நகலெடுக்கக் கூடாது.

வளைந்த விலா: அலையலையாக நெளிந்திருப்பதும், ஓரிடத்தில் மட்டும் கோணமாக மடங்கியிருப்பதும் தனித்தனியே பதியப்பட வேண்டும். நெளிவு பிறப்புக்குப் பின் பெரும்பாலும் சரியாகிவிடுவதாகவும், தாய்க்கு நச்சுப் பாதிப்பு உள்ள அளவுகளில் அதிகம் காணப்படுவதாகவும் அறியப்பட்டிருப்பதால், மதிப்பாய்வாளர் முதலில் கண் வைக்கும் இடம் இது.

வயிற்றுச் சுவர்: தொப்புள் வழியாகக் குடல் வெளியே வந்து மெல்லிய சவ்வால் மூடப்பட்டிருந்தால் ‘ஆம்ஃபலோசீல்’. தொப்புளைத் தொடாமல் பக்கத்தில் சுவர் பிளந்து, மூடும் சவ்வின்றிக் குடல் வந்திருந்தால் ‘காஸ்ட்ரோஸ்கைசிஸ்’. தோலுக்கு அடியிலேயே புடைத்திருந்தால் தொப்புள் குடலிறக்கம். சிசேரியனின்போது கைபட்டுச் சவ்வு கிழிந்தால் முதலாவது இரண்டாவதைப் போலவே காட்சி தரும் என்பதால், சவ்வின் மிச்சம் ஓரத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வரி பட்டியலில் இருக்க வேண்டும்.

தலை: மண்டையோட்டின் மேற்பகுதி இல்லாமல் மூளை வெளியே தெரிவது ‘எக்சன்செஃபலி’, மூளையே இல்லாதிருப்பது ‘அனென்செஃபலி’. முதலாவது உள்ள குட்டியின் எலும்பைச் சாயமேற்றிப் பார்த்தால் மண்டையோட்டு எலும்புகள் பல இல்லாமல்தான் இருக்கும். அவற்றைத் தனித்தனிக் குறைபாடுகளாக எண்ணுவதா, தலைக் குறைபாட்டின் பகுதியாகவே விடுவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், ஒரே குட்டி அட்டவணையில் பத்து இடங்களில் தலைகாட்டும்.

சிறுநீரகம்: பெல்விஸ் என்னும் குழிவு சற்று விரிந்திருப்பதற்கும் ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று எழுதுவதற்கும் இடையே தூரம் உண்டு. பின்னதைப் படிப்பவர் சிறுநீரகத் திசு அழுந்திச் சுருங்கியிருப்பதாக நினைப்பார். மூளை அறைகளின் விரிவுக்கும் ‘ஹைட்ரோசெஃபலி’க்கும் இதே நிலைதான். விரிவு என்று தொடங்கி, இலேசு, நடுத்தரம், கடுமை எனத் தரம் எழுதுவதே பாதுகாப்பான வழி என்பது என் எண்ணம். பெரிய நோய்ப்பெயரை எடுத்தவுடன் எழுதிவிட்டுப் பிறகு அதை இறக்குவது மிகக் கடினம்.

எலும்பாதல்: புதியவர்கள் மிக அதிகமாக ஏமாறும் இடம் இது. அலிசரின் சிவப்பு என்ற சாயம் கால்சியம் ஏறிய எலும்பை மட்டுமே காட்டும். மார்பெலும்பின் ஐந்தாம் துண்டு சிவப்பாகத் தெரியவில்லை என்றால், அங்கே குருத்தெலும்பு இருந்து இன்னும் எலும்பாகவில்லையா, அந்தத் துண்டே உருவாகவில்லையா என்று அந்தச் சாயத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குருத்தெலும்பை நீலமாகக் காட்டும் ஆல்சியன் நீலத்தையும் சேர்த்துப் போட்டிருந்தால்தான் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு உரிமை உண்டு. மற்ற நேரங்களில் ‘எலும்பாகவில்லை’ என்பதோடு நிறுத்த வேண்டும். உங்கள் அறிக்கையில் ‘ஆப்சென்ட்’ என்ற சொல் எலும்பு அட்டவணையில் வந்தால், எந்தச் சாயம் போடப்பட்டது என்ற பக்கத்தை உடனே திருப்பிப் பாருங்கள்.

வாலும் விரலும் பட்டியலில் நீளமாக இருக்கும். வால் இல்லாமை, குட்டை வால், நூல்போல மெலிந்த வால், முறுக்கிய வால் ஒவ்வொன்றுக்கும் தனி வரி உண்டு. விரல் குறைவு, விரல் ஒட்டு, விரல் மிகை ஆகியவற்றுக்கும் அப்படியே. இவற்றில் எல்லைக்கோடு எளிது, நீட்டவில்லை.

‘டிஃபார்ம்டு’, ‘அப்நார்மல்’, ‘அதர்ஸ்’ போன்ற, எதையும் சொல்லாத சொற்களுக்குப் பட்டியலில் இடம் கொடுக்காதீர்கள். பட்டியலில் இல்லாத ஒன்று வந்தால், தோற்றத்தை முழு வாக்கியத்தில் விவரித்து, படமெடுத்து, ஆய்வுக்குப் பொறுப்பான ஸ்டடி டைரக்டரின் கையொப்பத்தோடு புதிய வரியாகச் சேர்க்கும் முறை இருக்க வேண்டும்.

4. கூப்பிடுபவரும் எழுதுபவரும் ஒரே மொழியில் இருக்கட்டும்

தமிழ்நாட்டு ஆய்வகங்களில் நடப்பது இதுதான்: ஒருவர் நுண்ணோக்கியின் கீழ் குட்டியைப் பார்த்துக்கொண்டே “வால் நுனி மடங்கியிருக்கு, இடது கண் சின்னது” என்று தமிழில் சொல்வார், அருகில் இருப்பவர் அவருக்குத் தோன்றும் ஆங்கிலச் சொல்லைத் தாளில் எழுதுவார். காலையில் ‘கிங்க்டு’, மதியம் ஆள் மாறியதும் ‘பென்ட்’. இதைத் தடுக்க, சுருக்கப் பட்டியலில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே கூப்பிடுவதற்கான ஒரு தமிழ்த் தொடரையும் அச்சிட்டு, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கூப்பிடுபவர் குறியீட்டு எண்ணையும் அந்தத் தொடரையும் சேர்த்துச் சொல்ல, எழுதுபவர் எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திய பிறகே பதிவு நிற்கும்.

பக்கம் சொல்வதிலும் ஒரு பொறி உண்டு. குட்டி மல்லாந்து கிடக்கும்போது பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் விலங்கின் வலப்பக்கம். ‘இடது’ என்றால் எப்போதும் விலங்கின் இடது என்று பட்டியலின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இருக்கட்டும். முள்ளெலும்பானால் கழுத்தா, மார்பா, இடுப்பா என்பதோடு எத்தனையாவது என்ற எண்ணும் வேண்டும்.

பார்ப்பவர்களுக்கு எந்தக் குட்டி எந்த மருந்தளவுக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியாதிருப்பது நல்லது. அதோடு, இருவர் பார்ப்பதானால் ஆய்வு தொடங்குமுன் ஒரே தொகுதி மாதிரிகளை இருவரும் தனித்தனியே பார்த்து, பதிவுகளை ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களைப் பேசித் தீர்த்த குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. விவரிப்பு வேறு, தீர்ப்பு வேறு

சொற்பட்டியல் குறைபாட்டை விவரிக்கும்; அது ‘மால்ஃபார்மேஷனா’, ‘வேரியேஷனா’ என்று தீர்ப்புச் சொல்லாது. முன்னது, உயிர்வாழ்வையோ உடல்நலத்தையோ பாதிக்கக்கூடிய நிலையான உருவக்கேடு. பின்னது, அந்த இனத்தின் இயல்பான குட்டிகளிலேயே காணப்படும், பெரிய பாதிப்பு எதிர்பார்க்கப்படாத மாறுபாடு. இரண்டுக்கும் நடுவே எளிதில் அடங்காத பலவும் உண்டு. 1990-களிலிருந்து பெர்லினில் கூடிய பட்டறைகளில் வல்லுநர்களே சிலவற்றைச் சாம்பல் வட்டம் என்று ஒதுக்கிவைக்க நேர்ந்தது என்றால், உங்கள் ஆய்வகத்தின் ஒருவர் தனியே தீர்த்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே மேசைத் தாளில் விவரிப்பு மட்டுமே இருக்க வேண்டும். எது எந்த வகை என்ற அட்டவணையை ஆய்வகம் தன் எஸ்.ஓ.பி.யில், அதாவது எழுதிவைத்த செயல்முறை ஆவணத்தில், தனியே வைத்திருக்க வேண்டும். அது உங்கள் ஆய்வு தொடங்கிய தேதிக்கு முந்தைய தேதியிட்டதாக இருக்க வேண்டும். முடிவுகளைப் பார்த்த பிறகு வகை மாற்றப்பட்டது என்ற ஐயம் வந்துவிட்டால் அறிக்கை முழுவதன் மேலும் நிழல் விழும்.

6. சாயம், நாள், குப்பி: சொல்லைக் கெடுக்கும் மூன்று

எலியில் சிசேரியன் வழக்கமாகக் கர்ப்பத்தின் 20 அல்லது 21-ஆம் நாளில், முயலில் 29-ஆம் நாள் வாக்கில் நடக்கும். எலியில் அந்த ஒரு நாள் வேறுபாட்டுக்குள் மார்பெலும்பிலும் கால் விரல் எலும்பிலும் எலும்பாதல் வெகுவாக முன்னேறிவிடும். அதனால் இனச்சேர்க்கை உறுதியான நாளைப் பூச்சியம் என்று எண்ணுகிறார்களா, ஒன்று என்று எண்ணுகிறார்களா என்பது ஆய்வுத் திட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையெனில் ‘எலும்பாதல் தாமதம்’ என்ற சொல் எதற்கு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது என்பதே விளங்காது.

அலிசரின் முறையில் தோலுரித்த குட்டியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசையைத் தெளியவைப்பார்கள். ஊறல் மிஞ்சினால் எலும்புகள் இணைப்பிலிருந்து நழுவி, இடம் மாறியதுபோலத் தோன்றும். அது குறைபாடன்று, மாதிரி கெட்டதன் விளைவு. இப்படிப்பட்டவற்றுக்கு ‘ஆர்டிஃபாக்ட்’ என்ற தனிக் குறியீடு பட்டியலில் இருந்தால்தான், பார்ப்பவர் அதைக் குறைபாட்டுப் பெயரில் எழுதாமல் தப்பிப்பார்.

குப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு மாதிரியில் வால் அழகாகக் கொக்கிபோல் வளைந்திருந்தது. குப்பியின் அடி விட்டத்தைவிட வால் நீளமாக இருந்ததால், நிலைப்படுத்தும் கரைசலில் விறைத்தபோது அடியின் வட்டத்தையே எடுத்துக்கொண்டிருந்தது. வெளித்தோற்றப் பரிசோதனை முழுவதும் குட்டி எடுத்த உடனேயே, கரைசலில் இடுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. குப்பிக்குள் இடும் சீட்டு பென்சிலால் எழுதப்பட்டதா என்றும் பாருங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், விலங்கு எண் போனால் மாதிரியும் போனது போலத்தான்.

கண் சிறுத்திருப்பதும் கண் இல்லாதிருப்பதும் வெளியிலிருந்து பார்க்கையில் ஒன்றுபோலவே இருக்கும். தலையை வெட்டுத்துண்டுகளாக்கிப் பார்த்த பிறகே பின்னதை எழுதலாம். வெளிப்பரிசோதனைத் தாளில் ‘கண் புடைப்பு இல்லை’ என்று மட்டும் இருக்கட்டும்.

7. பழைய கட்டுப்பாட்டுத் தரவோடு பொருத்துதல்

மருந்து கொடுக்காத எலிகளிலும் குறைபாடுகள் வரும். உங்கள் எண்ணிக்கை இயல்பான வீச்சுக்குள் இருக்கிறதா என்று பார்க்க, ஆய்வகம் தன் பழைய ஆய்வுகளின் கட்டுப்பாட்டுக் குழுத் தரவை இணைக்கும். பழைய ஆண்டுகளில் வேறு சொற்கள் புழங்கியிருந்தால் ஒப்பீடு பொய்த்துப்போகும். எந்தப் பழைய சொல் எந்தப் புதிய குறியீட்டுக்குச் சமம் என்ற பொருத்த அட்டவணையைத் தனித் தாளாகக் கேளுங்கள். ஒரு பழைய சொல் இரண்டு புதிய சொற்களுக்குப் பொருந்துமானால் அதை ஊகித்துப் பிரிக்க வேண்டாம்; ‘பிரிக்க இயலாதது’ என்று எழுதி ஒப்பீட்டிலிருந்து நீக்குவதே நேர்மை. ஒரே இனம், ஒரே வளர்ப்பு நிலையம், ஒரே சிசேரியன் நாள் உள்ள ஆய்வுகளே சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதையும் பாருங்கள்.

எண்ணிக்கையைக் கூட்டும்போது அலகு ஈற்று என்பதை மறக்காதீர்கள்: ஒரு தாயின் குட்டிகள் எல்லாம் சேர்ந்தே ஓர் அலகு. அதிக அளவுக் குழுவில் நான்கு ஈற்றுகளில் ‘வேவி’, வேறு மூன்று ஈற்றுகளில் ‘பென்ட்’ என்று பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சிறியதாகத் தோன்றி, சேர்ந்தால் ஏழு ஈற்றாகும். இரண்டு வரிகளையும் காட்டிவிட்டுக் கீழே கூட்டுவரியும் தரச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே குட்டியில் இருந்தால் கூட்டுவரியில் அது ஒருமுறைதான் எண்ணப்பட வேண்டும்.

8. ஆவணங்களும் செலவும் காலமும்

ஒப்பந்தத்துக்கு முன் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: ஆய்வகத்தின் ஜி.எல்.பி. (நல்ல ஆய்வக நடைமுறை) சான்றிதழும் அது எந்த வகை ஆய்வுகளை உள்ளடக்குகிறது என்ற பக்கமும். விலங்கு நெறிக் குழுவின் ஒப்புதல், அதாவது பி படிவத்தின்படி அளிக்கப்பட்ட திட்டமும் அனுமதி எண்ணும். கருக்குட்டிப் பரிசோதனைக்கான எஸ்.ஓ.பி.யின் பெயர்ப்பக்கமும் பதிப்பு எண்ணும். சொற்பட்டியலின் பதிப்பைக் குறிப்பிடும் ஆய்வுத் திட்ட வரைவு. எல்லைக்கோடுகளோடு கூடிய சுருக்கப் பட்டியல். பார்ப்பவர்களின் பயிற்சிப் பதிவு. எஸ்.ஓ.பி. முழுவதையும் வெளியே தர ஆய்வகங்கள் தயங்கும். நேரில் சென்று படித்துப் பார்க்க அனுமதிப்பார்கள். இராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயிலில் சென்னைக்குப் போய், ஒரு பகல் உட்கார்ந்து படித்துவிட்டு அன்றிரவே திரும்பலாம். அந்தப் பயணச்செலவு வீணாகாது.

செலவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போடுங்கள். 414-ஆம் நெறி மூன்று அளவுக் குழுக்களும் ஒரு கட்டுப்பாட்டுக் குழுவும் கேட்கிறது. குழுவுக்கு ஏறத்தாழ 20 கருவுற்ற தாய்கள். ஆக 80 ஈற்று. எலிக்கு ஈற்றுக்குப் பன்னிரண்டு குட்டி என்றாலும் 960 குட்டிகள். அவற்றில் பாதி எலும்புக்கும் மீதி உள்ளுறுப்புக்கும் போகும். முயலில் எல்லாக் குட்டிகளையும் இரண்டுக்கும் பார்க்க வேண்டும். கொட்டேஷனில் ஒற்றைச் சாயத்துக்கான விலை மட்டும் எழுதப்பட்டிருந்தால், ஆல்சியன் நீலம் சேர்த்த இரட்டைச் சாயம் சில நூறு குட்டிகளுக்கும் கூடுதலாக வரும். ஆகவே இவற்றைத் தனித்தனி வரியாக விலை கேளுங்கள்: இரட்டைச் சாயம், குறைபாட்டுப் படங்கள், மாதிரிகளை மறுபரிசோதனை செய்தல், பொருத்த அட்டவணை, அமெரிக்காவுக்குத் தாக்கல் செய்வதானால் சென்ட் என்னும் மின்தரவு வடிவத்தில் தரவுத் தொகுப்பு, மாதிரிகளையும் தாள்களையும் பாதுகாத்து வைக்கும் ஆண்டுக் கட்டணம். ஆய்வகத்தின் சொற்குழப்பத்தால் வரும் மறுபரிசோதனை ஆய்வகத்தின் செலவு என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். தொடக்கத்தில் முகம் சுளிப்பார்கள். சொற்பட்டியல் முன்பே கையொப்பமாகியிருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, எல்லாத் தாய்களும் ஒரே நாளில் கருவுறுவதில்லை என்பதால் சிசேரியன்கள் பல நாட்களுக்குப் பரவும். அதற்குப்பின் நிலைப்படுத்துதல், தெளியவைத்தல், சாயமேற்றுதல், கிளிசரினுக்கு மாற்றுதல், பிறகு படித்தல் என்று வரிசையாகப் போகும். சொற்பட்டியலின் இறுதி வடிவம் முதல் சிசேரியனுக்கு முன்பே கையொப்பமாக வேண்டும். அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, இனச்சேர்க்கை தொடங்கும் வாரத்துக்கும் முன் வரைவு உங்கள் கையில் இருக்கும்படி பாருங்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மின்சாரமும் இணையமும் சொல்லிவைத்தாற்போல் போய்விடும். படங்களைத் திரையில் பார்த்துப் பேசும் கூட்டங்களை அந்த மாதங்களில் வைக்காதீர்கள்.

9. வரைவு அறிக்கை வந்ததும் செய்ய வேண்டியவை

கடைசிப் பக்கத்துத் தனிக்குட்டித் தரவிலிருந்து தொடங்குங்கள். சுருக்க அட்டவணையைப் பிறகு பாருங்கள். தனித்தரவில் வரும் சொற்களையெல்லாம் ஒரு விரிதாளில் இறக்கி அகர வரிசைப்படுத்தினால், ஒரே பொருளில் வழங்கும் இரட்டைச் சொற்கள் உடனே கண்ணில் படும். அவற்றில் எதுவும் சுருக்கப் பட்டியலில் இல்லாததாக இருந்தால், எந்தத் தேதியில் யார் கையொப்பத்தோடு சேர்க்கப்பட்டது என்று கேளுங்கள்.

திருத்தம் தேவைப்பட்டால் மூலத்தாளில் அழித்தெழுத அனுமதிக்காதீர்கள். ஜி.எல்.பி. முறையில் பழைய பதிவு படிக்கத்தக்கதாக ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, புதிய சொல், காரணம், தேதி, சுருக்கொப்பம் ஆகியவை அருகில் இருக்க வேண்டும். கணினிப் பதிவானால் மாற்ற வரலாறு தானாகவே சேமிக்கப்படும்; அதன் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சொல்லை மட்டும் மாற்றுவதா, மாதிரியை மீண்டும் பார்த்து மாற்றுவதா என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும். மாதிரியைப் பார்க்காமல் ‘பென்ட்’ என்பதை ‘வேவி’ ஆக்குவது திருத்தமாகாது.

மதிப்பாய்வாளரின் கேள்விக்குப் பதில் எழுதும்போது, சுருக்கப் பட்டியலையும் பொருத்த அட்டவணையையும் இணைத்து, ஒவ்வொரு குறைபாட்டுக்கும் குறியீட்டு எண்ணையும் பதிப்பாண்டையும் குறிப்பிடுங்கள். படம் இணைப்பதானால் அதில் விலங்கு எண், பக்கம், அளவுகோல் மூன்றும் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் படத்தை ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்பி வேறு படம் கேளுங்கள். மாதிரி கிளிசரினில் பத்திரமாக இருக்கும்வரை அது ஒரு மதியத்து வேலைதான்.